கையடக்க லேபிள் மெஷின்: ஃபோன் பிரிண்டரா, பிரதரா, டைமோவா, பிராடியா?

பேனல் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒயரிங் செய்பவர்கள், சிசிடிவியும் நெட்வொர்க்கும் போடுபவர்கள், மில்லிலும் தொழிற்சாலையிலும் மெயின்டனன்ஸ் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள்: இந்த மூன்று தரப்பிலிருந்தும் ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. "கையில் வைத்து அடிக்கிற லேபிள் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். எதை எடுக்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில் நிற்கிறார். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஃபோன் பிரிண்டர் ஒரு பக்கம். அதைவிடப் பல மடங்கு விலை சொல்லப்படும், பிரதர், டைமோ, பிராடி போன்ற கம்பெனிகளின் தொழிற்சாலை ரக மெஷின் இன்னொரு பக்கம்.

இதற்கு ஒரே மாடல் பெயரைப் பதிலாகச் சொன்னால் பாதிப் பேருக்கு அது தவறாகப் போய்விடும். மெஷின் ஒருமுறை வாங்குவது. டேப் கேசட்டை அந்த மெஷின் இருக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து மங்குமா, லேபிள் ஒயரிலிருந்து உரியுமா, பேனல் கதவில் ஐந்து வருஷம் நிற்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பதும் டேப்தான். அதனால் டேப்பை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்த டேப்பை அடிக்கும் மெஷின்களில் உங்களுக்கு வசதியானதை எடுங்கள்.

## வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள்? இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். பேனல் கதவு, எம்சிபி (தானாக அணையும் சிறு பிரேக்கர்) வரிசை, சுவிட்ச் பாக்ஸ், ரேக், டூல் பெட்டி என்று தட்டையான இடமென்றால் எந்த நல்ல டேப்பும் ஒட்டும். ஒயர் என்றால் கதை வேறு. 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் இன்சுலேஷனோடு சேர்த்து சுமார் 3 மி.மீ. விட்டம்தான் இருக்கும். அதைச் சுற்றி சாதாரண லேமினேட் டேப்பை ஒட்டினால், டேப் தன் விறைப்பால் நிமிரப் பார்க்கும். சில நாளில் ஓரம் எழும்பும், தூசி ஏறும், அப்புறம் கழன்று பேனலின் அடியில் கிடக்கும். பசை மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த டேப் வளைவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒயருக்கு வளைந்துகொடுக்கும் டேப், நைலான் துணி டேப், தன்மேல் தானே சுற்றிக்கொள்ளும் கண்ணாடி வால் கொண்ட வினைல், சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் என்று தனித்தனியே இருக்கின்றன. உங்கள் வேலைக்கு இவற்றில் எது தேவை என்று தெரிந்தாலே மெஷின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

அந்த இடத்தில் என்ன படும்? வெயில், சூடு, ஆயில், தின்னர், கழுவும் தண்ணீர், கை தேய்ப்பு. ஏசி அறையில் இருக்கும் சர்வர் ரேக்குக்கும், மொட்டை மாடியில் இருக்கும் சோலார் டிசி பாக்ஸுக்கும் ஒரே டேப் போதாது.

ஒரு வேலைக்கு எத்தனை லேபிள்? மாதம் இருபது என்றால் கையால் வெட்டுவது சிரமமே இல்லை. ஒரு பேனலுக்கு நானூறு என்றால் தானாக வெட்டுவதும், வரிசை எண்ணைத் தானாக ஏற்றிக்கொள்வதும், கணினியிலிருந்து எக்ஸெல் பட்டியலை அப்படியே எடுத்து அடிப்பதும் கட்டாயம்.

தமிழில் அடிக்க வேண்டுமா? இதை யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. எச்சரிக்கை வாசகத்தை இயந்திரம் ஓட்டும் தொழிலாளி படிக்க வேண்டுமென்றால் தமிழ் வேண்டும். இந்த மெஷின்களின் விசைப்பலகையில் தமிழ் கிடையாது. கணினியோடோ ஃபோனோடோ இணையும் மாடலில் மட்டுமே தமிழ் எழுத்துருவை அனுப்பி அடிக்க முடியும்.

டேப் கையெட்டும் இடத்தில் கிடைக்குமா, மீட்டருக்கு என்ன விலை? கேசட் விலையை அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவோம். பிரதரின் சாதாரண கேசட் 8 மீட்டர். டைமோவின் தொழிற்சாலை வினைல் கேசட் 5.5 மீட்டர். பிராடியின் சிறிய மெஷினுக்கான வினைல் 6.4 மீட்டர், நைலான் துணி 4.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விலையை நீளத்தால் வகுத்த பிறகே எது மலிவு என்று பேச முடியும்.

## ஃபோன் பிரிண்டர் (நிம்போட், ஃபோமெமோ வகை)

சட்டைப்பையில் அடங்கும், மை தேவையில்லை, ரிப்பன் தேவையில்லை, ஃபோனில் தட்டினால் அடிக்கும். தமிழும் அடிக்கும், ஏனென்றால் எழுத்தை உருவாக்குவது ஃபோன். சில செயலிகளில் எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அதனால் வாங்குமுன் செயலியை மட்டும் இறக்கி, "மின்சாரம்: திறக்காதே" என்று அடித்துத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நேரடி வெப்ப முறையில் வேலை செய்கிறது. காகிதத்திலேயே சூடு பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. பெட்ரோல் பங்க் பில்லில் இருப்பதும் அதே பூச்சுதான். பங்க் பில் சட்டைப்பையில் சில மாதத்தில் வெளுப்பதுபோல இதுவும் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும் அல்லது முழுக்கக் கறுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்தால் எழுத்து கெடும். பிளாஸ்டிக் ரக ரோல்களும், மேலே பாதுகாப்புப் பூச்சு கொண்ட ரோல்களும் வருகின்றன. அவை தண்ணீரைத் தாங்கும், கிழியாது, கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் எழுத்து உருவாகும் விதம் அதேதான்.

எலக்ட்ரீஷியன்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. பிவிசி ஒயரை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே கசியும். அது நேரடி வெப்ப எழுத்தை அழித்துவிடக்கூடியது. அதாவது வெயில் படாத பேனலுக்குள்ளேயே, ஒயரில் சுற்றிய லேபிள் காலியாகப் போக வாய்ப்பிருக்கிறது. சர்வீஸுக்கு வருபவர் கையில் எழுத்தில்லாத வெள்ளைத் துண்டு இருந்தால் அந்த லேபிளால் யாருக்கும் பயனில்லை.

செலவில் இன்னொன்று: நிம்போட் போன்றவை ரோலில் உள்ள சிப்பைப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கின்றன. வேறு கம்பெனி ரோலைப் போட முடியாது. செயலி இல்லாமல், ஃபோனில் சார்ஜ் இல்லாமல், மெஷின் தனியே ஒன்றும் செய்யாது.

எங்கே இது சரி? கடை அலமாரி, ஸ்டோரில் உள்ள உதிரிப் பெட்டிகள், ஃபைல், டெஸ்ட் செய்த தேதி, "சர்வீஸுக்கு வந்தது" போன்ற தற்காலிகக் குறிப்பு. ஆறு மாதத்தில் மாற்றப்போகும் லேபிளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் பேனலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பிரதர் பி-டச் 'இ' வரிசை

நம்மூரில் அதிகம் புழங்குவது இதுதான். காரணம் டேப். டி.இசட்.ஈ என்ற லேமினேட் டேப்பில் எழுத்து மேல்பரப்பில் இருப்பதில்லை. கண்ணாடிபோன்ற ஒரு படலத்தின் அடிப்பக்கத்தில் எழுத்து தலைகீழாக அடிக்கப்பட்டு, அதன்மேல் வண்ணமும் பசையும் கொண்ட அடி டேப் மெஷினுக்குள்ளேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு படலத்துக்கும் நடுவில் எழுத்து மாட்டிக்கொள்வதால் நகத்தால் சுரண்டினாலும், ஆயில் துணியால் துடைத்தாலும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. கம்பெனி சொல்லும் வெப்ப வரம்பு மைனஸ் 80 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை.

இதே குடும்பத்தில் ஒயருக்கென்று வளையும் டேப், பவுடர் கோட்டிங் போன்ற சொரசொரப்பான பரப்புக்குக் கூடுதல் பிடிப்புள்ள டேப், பிரித்தால் தடம் விடும் பாதுகாப்பு டேப், ஹீட் ஷ்ரிங்க் குழாய் எல்லாம் கேசட்டாக வருகின்றன. வளையும் டேப்புக்குக்கூட ஒரு எல்லை இருக்கிறது. ஒயர் குறைந்தது 3 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும், சுற்றிய பின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று குறைந்தது 5 மி.மீ. ஏற வேண்டும். கேட்6 நெட்வொர்க் கேபிளின் விட்டம் ஏறக்குறைய 6 மி.மீ., சுற்றளவு 19 மி.மீ. ஏற்றத்தையும் சேர்த்தால் ஒரு லேபிளுக்கு 24 மி.மீ. நீளம் போகும்.

மாடல்களில் பி.டி-இ110 சிறியது: 12 மி.மீ. அகலம் வரை, ஆறு ஏஏஏ பேட்டரி, கையால் வெட்ட வேண்டும். பி.டி-இ300 18 மி.மீ. வரை போகும், சார்ஜ் செய்யும் பேட்டரி, ஹீட் ஷ்ரிங்க் குழாயும் அடிக்கும். பி.டி-இ550டபிள்யூ 24 மி.மீ. வரை அடிக்கும். வைஃபையும் யு.எஸ்.பி.யும் உண்டு. தானாகவும் வெட்டும், பின்தாளை விட்டுவிட்டு லேபிளை மட்டும் வெட்டும் பாதி வெட்டும் உண்டு. தமிழ் வேண்டுமென்றால் இந்த மூன்றில் இது ஒன்றுதான் சரி. கணினியில் பிரதரின் எடிட்டர் மென்பொருளைத் திறந்து, விண்டோஸில் உள்ள எந்தத் தமிழ் எழுத்துருவையும் அடிக்கலாம்.

இங்கே ஒரு யோசனை. உங்கள் வேலை முழுக்கத் தட்டையான இடத்தில்தான், ஒயருக்கு லேபிள் போடுவதே இல்லை என்றால் 'இ' வரிசையே தேவையில்லை. வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் பி.டி-ஹெச்110 மெஷினும் அதே டி.இசட்.ஈ டேப்பைத்தான் எடுக்கிறது. லேபிளின் ஆயுள் ஒன்றேதான். 'இ' வரிசையில் கூடுதலாகக் கிடைப்பது கேபிள் சுற்று, கொடி (கேபிளிலிருந்து கொடிபோல நீட்டி நிற்கும் லேபிள்), பேனல் வரிசை ஆகியவற்றுக்கான தனி விசைகளும் உறுதியான உடலும்.

## டைமோ ரைனோ

ரைனோ 4200, 5200 இரண்டும் 19 மி.மீ. வரை அடிக்கும். இவற்றின் பலம் விசைகள். ஒயர் சுற்று, கொடி, பேட்ச் பேனல், டெர்மினல் வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். ஒயரின் விட்டத்தைச் சொன்னால் லேபிள் நீளத்தை அதுவே கணக்குப் போட்டுவிடும். ஏணிமேல் நின்று ஒரு கையால் இயக்குபவருக்கு இந்த வசதியின் அருமை தெரியும். பின்தாள் நடுவில் பிளந்திருப்பதால் வியர்த்த கையாலும் உரிக்க வரும்.

டேப்பில் வினைல், பாலியஸ்டர், நைலான், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் உண்டு. இங்கே எழுத்து டேப்பின் மேல்பரப்பிலேயே இருக்கிறது, பிரதர் போல நடுவில் பூட்டப்படுவதில்லை. ரிப்பன் மையை உருக்கிப் பதிக்கும் முறை என்பதால் வெயிலில் நேரடி வெப்பக் காகிதம்போல வெளுக்காது. ஆனால் தின்னர் துணியால் அடிக்கடி துடைக்கும் இடத்தில் லேமினேட் டேப்புக்கு ஈடாகாது. நைலான் டேப் மட்டும் ஒயரில் அருமையாகப் படியும். என் பார்வையில் ரைனோவை எடுப்பதற்கான காரணம் அந்த நைலான் டேப்பும் அந்த விசைகளும்தான்.

சிக்கல் கிடைக்கும் இடம். பிரதர் கேசட்டுபோல எல்லா ஊரிலும் கிடைக்காது. சென்னை, கோவை டீலரிடம் சொல்லிவைத்து வாங்க வேண்டிவரும். மெஷின் வாங்கும் அன்றே "நைலான் 12 மி.மீ. ஸ்டாக்கில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தால், எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: டைமோ என்ற பெயரில் வரும் லெட்ராடேக், நேரடி வெப்ப முறை மெஷின். பெயரை மட்டும் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

## பிராடி

பி.எம்.பி21-பிளஸ், அதற்கு அடுத்து வந்த எம்210 இரண்டும் கீழே விழுந்து அடிபடும் வேலைக்கென்றே ரப்பர் உறையோடு வருபவை. கேசட்டைப் போட்டதும் அது எந்தப் பொருள், எந்த அகலம் என்று மெஷின் தானே தெரிந்துகொள்ளும். எம்211 மாடலில் விசைப்பலகையே கிடையாது, ஃபோன் வழியாகத்தான் அடிக்க வேண்டும்.

பிராடியின் உண்மையான சொத்து பொருள் வகைகள். எண்ணெய் படும் இடத்துக்கு, வெளிப்புற வெயிலுக்கு, ஒயருக்கு என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண்ணும், சோதனை விவரத் தாளும் உண்டு. பி-499 நைலான் துணி, பி-595 வெளிப்புற வினைல், பி-427 தன்மேல் சுற்றும் வினைல். இந்தக் கடைசி வகையில் எழுதும் பகுதி வெள்ளையாகவும் மீதி கண்ணாடிபோலவும் இருக்கும். வெள்ளையை ஒயரில் ஒட்டி, கண்ணாடி வாலை அதன்மேலேயே சுற்றி மூடிவிட வேண்டும். எழுத்து உறைக்குள் பத்திரமாகிவிடும். ஒயரைக் கழற்றாமலே போடலாம் என்பதால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் லேபிள் போட இதற்கு இணை இல்லை.

மீட்டர் விலை இந்தப் பட்டியலில் அதிகம். ஏற்றுமதி ஆர்டர், மருந்துக் கம்பெனி, ரயில்வே, கார் ஆலை என்று வாடிக்கையாளரே லேபிள் பொருளின் சான்றைக் கேட்கும் வேலையில் அந்த விலை நியாயம். மற்ற இடத்தில் இது அவசியமில்லை.

## ஐந்தாம் வழி: ஃபெரூல் பிரிண்டர்

கையடக்கம் அல்ல, மேசைமேல் வைப்பது. மேக்ஸ் கம்பெனியின் லெட்டாட்வின் இந்த வகையில் பேனல் பட்டறைகளில் பரிச்சயமானது. பிவிசி குழாயில் (இதைத்தான் ஃபெரூல் என்கிறார்கள்) ஒயரின் எண்களை அச்சடித்து, அளவாக வெட்டித் தரும். ஒயர் முனையில் நுழைத்து லக் (உலோக முனை) அடித்தால் முடிந்தது. பசை இல்லை, உரியும் பேச்சே இல்லை.

இதை ஏன் இங்கே சேர்க்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. இருநூறு ஒயர் உள்ள பேனலுக்கு இரண்டு முனைக்கும் சேர்த்து நானூறு குழாய் வேண்டும். ஒன்று 20 மி.மீ. என்றால் 8 மீட்டர். பிரதரின் ஹீட் ஷ்ரிங்க் கேசட் 1.5 மீட்டர்தான். ஒரு மி.மீ. வீணாகாமல் அடித்தாலே ஆறு கேசட் தேவை, உண்மையில் அதற்கு மேலும் போகும். மாதம் மூன்று நான்கு பேனல் செய்பவர் கையடக்க மெஷினில் ஷ்ரிங்க் குழாய் அடித்துக்கொண்டிருந்தால், சீக்கிரமே ஃபெரூல் பிரிண்டரின் விலையைக் கேசட்டுக்கே கொடுத்திருப்பார்.

## ஒரே பார்வையில்

| | ஃபோன் பிரிண்டர் | பிரதர் 'இ' | டைமோ ரைனோ | பிராடி சிறிய மாடல்கள் |
|---|---|---|---|---|
| எழுத்து எங்கே இருக்கிறது | காகிதப் பூச்சில் | இரு படலங்களுக்கு நடுவில் | டேப்பின் மேல் | டேப்பின் மேல். பி-427இல் வாலுக்குள் |
| பேனல் கதவு, எம்சிபி வரிசை | தற்காலிகம் மட்டும் | மிக நன்று | நன்று | நன்று |
| மெல்லிய ஒயர் | வேண்டாம் | வளையும் டேப் அல்லது ஷ்ரிங்க் | நைலான், ஷ்ரிங்க் | எல்லா வழியும் உண்டு |
| வெயில் | வேண்டாம் | நிற்கும் | வினைல் நிற்கும் | பி-595 அதற்கென்றே உள்ளது |
| தின்னர், ஆயில் துடைப்பு | வேண்டாம் | நிற்கும் | ஓரளவு | பொருளைப் பொறுத்தது |
| தமிழ் எழுத்து | வரும் | கணினி இணைப்புள்ள மாடலில் | 4200இல் வராது | எம்211இல் ஃபோன் வழியாக. வாங்குமுன் சோதிக்கவும் |
| டேப் கிடைப்பது | ஆன்லைன் | எளிது | டீலர் வழியாக | டீலர் வழியாக |

## விலைப்பட்டியலில் வராத செலவு

பெரிய செலவு, ஒவ்வொரு லேபிளுக்கும் முன்னால் வெறுமையாக வெளிவரும் டேப். அச்சுத் தலைக்கும் வெட்டும் கத்திக்கும் இடையில் உள்ள தூரம் அது. பிரதர் மெஷின்களில் சுமார் 25 மி.மீ. ஒரு எம்சிபி அகலத்துக்கு, அதாவது 17.5 மி.மீ.க்கு, ஒரு லேபிள் தனியாக அடித்தால் 42.5 மி.மீ. டேப் போகிறது. பாதிக்கு மேல் குப்பைக்கூடைக்கு. 8 மீட்டர் கேசட்டில் 188 லேபிள்தான் கிடைக்கும்.

அதையே பன்னிரண்டு எம்சிபிக்கும் சேர்த்து ஒரே பட்டையாக அடித்தால் 210 மி.மீ. நீளம், முன்னால் 25 மி.மீ., அவ்வளவுதான். கணக்குப்படி ஒரு கேசட்டில் 34 வரிசை, அதாவது 408 எம்சிபி. ஒரே பட்டை என்பதால் நேராகவும் ஒட்டும், ஓரங்களும் குறைவு. வரிசை லேபிள்களைத் தனித்தனியே வெட்டி ஒட்டுவதை இன்றே விட்டுவிடலாம்.

பட்டையாக அடிக்க முடியாத இடத்தில் மெஷினின் அமைப்பில் 'செயின்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அடித்த லேபிளின் பின்னாலேயே அடுத்தது வரும், இடைவெளி வீணாகாது. கடைசி லேபிள் அடித்ததும் உடனே வெட்டக் கூடாது. ஃபீட் கொடுத்து டேப்பை முழுக்க வெளியே தள்ளிய பின் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கத்தி எழுத்தின்மேல் விழும்.

அடுத்தது போலி கேசட். பிரதருக்குப் பொருந்தும் என்று பாதி விலையில் நிறைய வருகின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஸ்டோர் அலமாரிக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் சிலவற்றில் லேமினேட் சரியாக இருக்காது, பசையும் பலவீனமாக இருக்கும். ஒரு கேசட் மட்டும் வாங்கி, ஒரு லேபிளை அடித்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பலமாகத் தேயுங்கள். எழுத்து கலைந்தால் அந்தக் கேசட்டில் எழுத்து வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு லேபிளை வெயில் படும் இரும்புக் கதவில் ஒட்டிச் சில வாரம் விட்டுப் பாருங்கள்.

அடாப்டர் பெட்டியில் வராத மாடல்கள் உண்டு, விலை கேட்கும்போதே அதையும் கேளுங்கள். ஏஏஏ பேட்டரி ஆறு போட்டு தினமும் அடிப்பவருக்குப் பேட்டரிச் செலவும் ஒரு செலவுதான். தினசரி வேலை என்றால் சார்ஜ் செய்யும் மாடலே மேல்.

ஹீட் ஷ்ரிங்கில் நேரமும் செலவு. ஒயர் முனையைக் கழற்றினால்தான் குழாயை நுழைக்க முடியும். புதுப் பேனலில் இது ஒரு பிரச்சினையே அல்ல. ஓடும் பேனலில் ஷட்டவுன் வாங்க வேண்டும், மறுபடி டெர்மினேட் செய்ய வேண்டும். அங்கே சுற்றும் லேபிளே போதும். குழாய் அளவையும் பார்த்து வாங்குங்கள். பிரதரில் 5.8 மி.மீ. அகலக் குழாய் 1.7 முதல் 3.2 மி.மீ. விட்டமுள்ள ஒயருக்கு, 8.8 மி.மீ. குழாய் 2.6 முதல் 5.1 மி.மீ. வரை. அளவு பெரிதானால் சுருங்கியும் ஒயரில் ஆடும்.

## யாருக்கு எது

சிசிடிவி, நெட்வொர்க் போடுபவர். பி.டி-இ110 அல்லது இ300, கூடவே 12 மி.மீ. வளையும் டேப். கேட்6க்குச் சுற்றுவதைவிடக் கொடி லேபிள் படிக்க எளிது. ஆனால் கேபிள்கள் நெருக்கமாக இருக்கும் ரேக்கில் கொடிகள் ஒன்றோடொன்று மாட்டும், அங்கே சுற்றுவதே நல்லது. சுற்றும்போது எழுத்து கேபிள் நெடுக ஓடும். அதனால் 12 மி.மீ. டேப்பில் நீளமான பெயர் நுழையாது. "பி2-ஆர்1-07" போன்ற சுருக்கமான எண்முறை ஒன்றை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது பேனல் செய்யும் சிறு பட்டறை. பி.டி-இ300. கதவுக்கு லேமினேட், ஒயருக்கு ஷ்ரிங்க். 18 மி.மீ. அகலம் பெரும்பாலான கதவுகளுக்குப் போதும்.

தொடர்ந்து பேனல் செய்பவர். ஒயருக்கு ஃபெரூல் பிரிண்டர், கதவுக்கும் எம்சிபிக்கும் ஒரு சாதாரண லேமினேட் மெஷின். இரண்டையும் ஒரே மெஷினில் முடிக்கப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பணம் கரைக்கும் வழி.

மில், தொழிற்சாலை மெயின்டனன்ஸ். இங்கே என் ஓட்டு தமிழ் அடிக்கும் மெஷினுக்கு. பி.டி-இ550டபிள்யூ போன்ற கணினி இணைப்புள்ள ஒன்று. எந்த மோட்டார், எந்த ஐசொலேட்டர், எதை நிறுத்தினால் எது நிற்கும் என்பதை இரவு ஷிப்டில் இருப்பவர் தயங்காமல் படிக்க வேண்டும். ஆங்கிலக் குறியீடு ஒரு வரி, தமிழ் ஒரு வரி. 24 மி.மீ. டேப்பில் இரண்டும் தெளிவாக நுழையும். ஓடும் கேபிள்களுக்கு லேபிள் போடுவதே முக்கிய வேலை என்றால் மட்டும் பிராடியைப் பாருங்கள்.

மாடி சோலார் போடுபவர். லேமினேட் டேப், வெள்ளை அல்லது மஞ்சளில் கறுப்பு எழுத்து. சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். முடிந்தவரை பாக்ஸின் நிழல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஏணிமேல் நின்று ஒயருக்கு லேபிள் போடுவதே தினசரி வேலை, டேப் கொடுக்க நம்பகமான டீலரும் இருக்கிறார் என்றால் ரைனோ.

## வாங்கிய பிறகு

நல்ல டேப்பையும் கெடுப்பது ஒட்டும் விதம். இரும்புப் பெட்டியில் கைரேகை எண்ணெயும் பவுடர் தூசியும் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் ஒட்டுங்கள். தின்னர் வேண்டாம், சில பெயின்ட்டை அது கரைக்கும். பசைப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் காற்று தங்காது. பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஒட்டிய ஐந்து நிமிடத்தில் உரித்துப் பார்த்துவிட்டு டேப் சரியில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சொரசொரப்பான பவுடர் கோட்டிங்கில் சாதாரண டேப் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கூடுதல் பிடிப்புள்ள டேப் அங்கேதான் தேவை. எல்லா இடத்துக்கும் அதையே வாங்க வேண்டியதில்லை.

கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் லேபிள் போட்ட கேபிளை மறுமுனையில் தேடுவது, லேபிளே இல்லாத கேபிளைத் தேடுவதற்குச் சமம். சுவர் வழியாகவோ டிரே வழியாகவோ போகிற இடத்தில் நுழையும் பக்கமும் வெளிவரும் பக்கமும் ஒவ்வொன்று சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. கனெக்டரை ஒட்டிப் போடாமல், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டிவந்தால் லேபிள் தப்பிக்கும்.

அடிக்கும்போது டேப்பைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. ரிப்பன் உள்ளே தளர்ந்து சிக்கிக்கொள்ளும், கேசட் போய்விடும். புதுக் கேசட் போடுமுன் ரிப்பன் தளர்வாகத் தெரிந்தால் அம்புக்குறி காட்டும் பக்கம் சுழற்றி இறுக்குங்கள். எழுத்தின் நடுவே நெடுக ஒரு வெள்ளைக் கோடு வந்தால் மெஷினைக் குறை சொல்லுமுன், அச்சுத் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடையுங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். கோடு அப்படியே இருந்தால் தலையில் ஒரு புள்ளி எரிந்துபோயிருக்கிறது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கேசட்டுகளை வேன் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் ஏறும் சூட்டில் பசையும் ரிப்பனும் கெடும். மூடிய டப்பாவில், டூல் பையின் அடியில் இருக்கட்டும். மெஷினை மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.